பக்கத்து வீட்டுக் குப்பையால் விலையில் ரூ.4 லட்சம் துண்டு!

போலீஸ் நிலைய பெஞ்சில் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு வயது 61. இன்னொருவருக்கு வயது 71. சின்னவர் நெற்றியில் பிளாஸ்திரி. பெரியவரின் சட்டைப் பை கிழிந்து தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வடசென்னையில் ஒரு போலீஸ் நிலையம். செயின் பறிப்பு வழக்கு ஒன்றைப் பற்றி விசாரிக்க நாம் போயிருந்தோம். செயின் திருடன் அகப்படவில்லை. இந்த இரண்டு பேர்தான் அகப்பட்டார்கள்.

குடிபோதைத் தகராறா? இல்லை. இரண்டு பேருமே அதைத் தொடாதவர்கள். கொடுக்கல் வாங்கலா? ஒரு பைசா பாக்கி கிடையாது. எல்லைத் தகராறா? ஒரு செங்கல் அகலம்கூடத் தகராறு இல்லை.

பிறகு எதற்காக மண்டை உடைந்தது?

குப்பைக்காக! பக்கத்து வீட்டுக் குப்பைக்காக!

27 வருஷமாக ஒரே மதில் சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருப்பவர்கள் இவர்கள். பொங்கலுக்குக் கரும்பும், தீபாவளிக்குப் பலகாரமும் அந்தச் சுவரைத் தாண்டிப் போயிருக்கின்றன. அன்றைக்குத் தாண்டிப் போனது அரைச் செங்கல்.

நடந்தது என்ன?

சின்னவர் ரெயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 800 சதுர அடி மனையில் கீழும் மேலுமாக ஒரு வீடு. அதுதான் அவருடைய ஆயுள்கால சம்பாத்தியம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. வீட்டை விற்பது, கல்யாணத்தை முடிப்பது, மீதிப் பணத்தில் புறநகரில் ஒரு சின்ன பிளாட் வாங்கிக்கொண்டு போய்விடுவது. இதுதான் திட்டம்.

சுவருக்கு வெள்ளை அடித்தார். கேட்டுக்கு பெயிண்டு அடித்தார். ஒழுகிய குழாய்களை மாற்றினார். 60 ஆயிரம் ரூபாய் செலவு. விலை 75 லட்சம் என்று புரோக்கரிடம் சொன்னார்.

முதல் பார்ட்டி வந்தது. புருஷன், பெண்சாதி, ஒரு மாமியார். ஹால் பிடித்தது. பூஜை அறை பிடித்தது. தண்ணீர் பிடித்தது. கடைசியாக அந்த அம்மாள் சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தார்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தோட்டம். தோட்டம் என்பது பழைய பெயர். இப்போது அங்கே இருப்பது கட்டட வேலைக்கான சென்ட்ரிங் பலகைகள், உளுத்துப்போன சவுக்குக் கம்புகள், துருப்பிடித்த சிமெண்டுச் சட்டிகள், மூன்று பழைய டயர்கள், ஒரு உடைந்த வாஷ்பேசின், தேங்காய் மட்டைகள், மூட்டை மூட்டையாகக் குப்பை. நடுவில் ஒரு முருங்கை மரம். மரம் பூராவும் கம்பளிப்பூச்சி.

"வீடு நல்லாத்தாங்க இருக்கு. ஆனா, காலைல எழுந்ததும் இதையா பாக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போனார் அந்த அம்மாள். அந்தப் பார்ட்டி திரும்பி வரவில்லை.

இரண்டாவது பார்ட்டி மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தது. "கொசு பிடுங்கும் போல இருக்கே" என்றது. அதுவும் வரவில்லை.

மூன்றாவது பார்ட்டி கெட்டிக்காரப் பார்ட்டி. "71ன்னா நாளைக்கே அட்வான்ஸ். அந்தக் குப்பைக்கு 4 லட்சம் கழிச்சுக்குங்க" என்றது.

4 லட்சம்! மகளுக்குப் போட நினைத்திருந்த நகையில் பாதி!

அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் மொட்டை மாடியில் நின்று சத்தம் போட்டார்.

"யோவ் மேஸ்திரி! உன் குப்பையால என் பொண்ணு கல்யாணமே நின்னுடும் போல இருக்குய்யா! இன்னிக்கு இதை எடுக்கல, கார்ப்பரேஷனைக் கூட்டியாந்து நானே வாரிக் கொட்டுவேன்!"

"என் இடம். என் சாமான். நீ யாருய்யா கேக்க?" என்று பதில் வந்தது.

27 வருஷமாக "சார்", "மேஸ்திரி" என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டவர்கள். அஞ்சு நிமிஷத்தில் "நீ", "வா", "போ" என்று ஆகிவிட்டது. பிறகு கைகலப்பு. பிறகு செங்கல். பிறகு போலீஸ்.

"ரெண்டு பேரும் தாத்தா வயசு. நான் யார் மேல கேஸ் போடறது? எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். இரண்டு பேரிடமும் மனு வாங்கினார். ரசீது கொடுத்தார். எச்சரித்து அனுப்பினார்.

செய்தி அதோடு முடிந்தது. ஆனால், நமக்கு மனசு கேட்கவில்லை. அந்தத் தோட்டத்தை நேரில் பார்க்கப் போனோம்.

வாஷ்பேசின் யாருடையது?

மேஸ்திரி கதவைத் திறந்தார். வலது கால் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்பு எலும்பு போயிற்றாம். அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில்.

"இந்தப் பலகை எல்லாம் என் தொழில் சாமான் தம்பி. கால் சரியானா மறுபடி வேலைக்குப் போகலாம்னு வெச்சேன். சரியாகல. தூக்கிப் போடவும் மனசு வரல. தூக்கவும் முடியல" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் நம்மைத் தூக்கிவாரிப் போட்டது.

"சார் குடியிருக்கற அந்த வீட்டைக் கட்டினதே நான்தான் தம்பி. கடக்கால் எடுத்ததுலேருந்து தளம் போட்ட வரைக்கும் என் கை."

குப்பை மூட்டைகளைக் காட்டினார். அதில் பாதி அவருடையது அல்ல. பின்பக்கம் சுவர் இடிந்திருக்கிறது. தெருவில் போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லாம் வீசிவிட்டுப் போகிறார்கள். பால் கவர், பிரியாணிப் பொட்டலம், குழந்தைகளின் டயப்பர். தனியாக இருக்கிற கிழவர்தானே! கேட்க யார் இருக்கிறார்கள்?

"அந்த வாஷ்பேசின்?" என்று கேட்டோம்.

மேஸ்திரி சிரித்தார். "அது சாரோடது. அவர் வீட்டு பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டப்ப கழட்டினது. ரெண்டு நாள்ல எடுத்துக்கறேன், இங்க இருக்கட்டும் மேஸ்திரின்னாரு. பதினோரு வருஷம் ஆச்சு."

வாசகர்களே, இதைத்தான் இன்று எழுத வேண்டும் என்று தோன்றியது.

விற்கிற அன்றைக்குத்தான் தெரிகிறதா?

குப்பை ஒரே நாளில் மலை ஆவதில்லை. பதினோரு வருஷம் அது நம் கண் எதிரே வளர்கிறது. அப்போது நாம் என்ன செய்கிறோம்? சமையல்கட்டு ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். கொசுவத்தி வாங்கிக் கொளுத்துகிறோம். "நமக்கு எதுக்கு வம்பு" என்று இருந்துவிடுகிறோம்.

வீட்டை விற்கிற அன்றைக்கு மூன்றாவது மனிதன் ஒருவன் வந்து ஜன்னலைத் திறக்கிறான். அப்போதுதான் நமக்குக் கண் தெரிகிறது. அப்போது பார்த்தால் அது குப்பையாகத் தெரிவதில்லை. 4 லட்சம் ரூபாயாகத் தெரிகிறது. உடனே ஆத்திரம் வருகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? "இத்தனை வருஷம் நான் எப்படி இருக்கேன்னு எட்டிப் பாக்காத ஆளு, இப்ப காசு குறையுதுன்னதும் வந்து நிக்கறான்" என்றுதானே நினைப்பார்? அவர் நினைப்பதில் தப்பு இருக்கிறதா?

அதே சமயம், மேஸ்திரி பக்கமும் முழு நியாயம் இருப்பதாக நாம் சொல்லவில்லை. "என் இடம், என் சாமான்" என்பது சரி. ஆனால், அந்த டயரில் தேங்கும் தண்ணீரில் பிறக்கிற கொசு, பட்டா பார்த்துப் பறப்பதில்லை.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. டயர், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த பேசின் இவற்றில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டை இடுகிறது. ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாவதில்லை. காய்ந்த டயரில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். பகலில் கடிக்கும். குப்பையில் எலி சேர்ந்தால் அதன் மூத்திரம் மழைத் தண்ணீரில் கலந்து எலிக்காய்ச்சல் வரும்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிச்சாங் புயலையும் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு யார் வீட்டுக் குப்பை யார் வீட்டுக்குள் மிதந்து வந்தது என்று யாராவது கணக்குப் பார்க்க முடிந்ததா? தண்ணீர் வந்தால் மதில் சுவர் கிடையாது.

முதலில் செய்ய வேண்டியது

சரி, வீட்டை விற்றே ஆக வேண்டும். பக்கத்தில் குப்பை. என்ன செய்வது?

முதலில் சுவருக்கு இந்தப் பக்கம் பாருங்கள். அங்கே கிடப்பதில் உங்கள் சாமான் எது? உங்கள் வீட்டுத் தேங்காய் மட்டை எது? அதை முதலில் எடுங்கள். அதற்குப் பிறகு பேசினால்தான் பேச்சுக்கு மரியாதை.

இரண்டாவது, மொட்டை மாடியில் நின்று பேசாதீர்கள். மேலே நின்று பேசினால் கீழே நிற்பவருக்கு அது பேச்சாகக் கேட்காது, ஏச்சாகத்தான் கேட்கும். தெருப்பக்கமாகப் போய், அவர் வாசல் கதவைத் தட்டுங்கள். உட்கார்ந்து பேசுங்கள். "வீட்டை விக்கறேன், உங்க குப்பையால விலை போகல" என்று ஆரம்பிக்காதீர்கள். "உடம்பு எப்படி இருக்கு?" என்று ஆரம்பியுங்கள். நம் ஊரில் இது ஒன்றும் புது வித்தை அல்ல. மறந்துபோன வித்தை.

மூன்றாவது, "எடு" என்று சொல்லாதீர்கள். "எடுக்கலாமா?" என்று கேளுங்கள். செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். "என் வீட்டுக்குச் செலவு செய்யலாம், அவன் வீட்டுக்கு நான் ஏன் செய்யணும்?" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குட்டி யானை வண்டி, இரண்டு ஆள், ஒரு நாள் கூலி. ஆயிரக்கணக்கில் முடியும். போகிறது லட்சக்கணக்கில். உங்கள் வீட்டுக்கு அடித்த வெள்ளையைவிட, அவர் தோட்டத்தில் அள்ளிய குப்பை உங்களுக்கு அதிக லாபம் தரும்.

ஆனால் ஒன்று. அவர் சம்மதம் இல்லாமல் அவர் இடத்தில் கால் வைக்கக்கூடாது. ஆள் வைத்து ராத்திரியோடு ராத்திரியாக அள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அத்துமீறி நுழைந்ததாக வழக்கு உங்கள் மேல் வரும்.

மரக்கிளை உங்கள் எல்லைக்குள் நீண்டிருந்தால் எல்லை வரைக்கும் வெட்டிக்கொள்ளலாம். கோர்ட்டுகள் நெடுங்காலமாக ஒப்புக்கொண்ட உரிமை அது. உங்கள் பக்கம் நின்றபடிதான் வெட்ட வேண்டும். வெட்டிய கிளையும், அதில் இருக்கும் முருங்கைக்காயும் மரத்துக்காரருக்குத்தான் சொந்தம். சொல்லிவிட்டு வெட்டுவது நல்லது. காயைக் கொண்டுபோய்க் கொடுப்பது இன்னும் நல்லது.

பேச ஆளே இல்லை என்றால்?

சில இடத்தில் பேசுவதற்கு ஆளே இருக்க மாட்டார். காலி மனை. சொந்தக்காரர் வெளிநாட்டில். அல்லது அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு. முள்செடி ஆள் உயரம். மழை பெய்தால் சாரைப்பாம்பு. நகரத்தின் எந்தப் பேட்டைக்குப் போனாலும் இப்படி ஒரு மனையைப் பார்க்கலாம்.

சொந்தக்காரர் யார் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தால் கடைசியாக யார் பெயரில் பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே இதைப் பார்க்கலாம். பெயர் தெரிந்தால் அக்கம்பக்கத்தில் விசாரித்து விலாசம் பிடிக்கலாம். ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். மரியாதையாக எழுதுங்கள். பாம்பு, கொசு, குப்பை இவற்றுக்குப் போட்டோ வையுங்கள். நகல் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் பதில் இல்லை என்றால், சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "குப்பை கிடக்கிறது" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். "டயரில் தண்ணீர் தேங்கிக் கொசுப்புழு இருக்கிறது" என்று சொல்லுங்கள். கொசு உற்பத்தி ஆகும் இடத்துக்கு நோட்டீசு கொடுக்கவும், நடவடிக்கை எடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1939ம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது.

கோர்ட்டுக்குப் போகலாமா?

போகலாம். சட்டம் இருக்கிறது. ஆனால் அது எதற்கு இருக்கிறது, எதற்கு இல்லை என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

குப்பையால் தெருவுக்கே கெடுதல் என்றால் அது "பொதுத் தொல்லை". கலெக்டர் அல்லது ஆர்.டி.ஓ. பொறுப்பில் இருக்கும் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். தொல்லையை அகற்றும்படி அவர் உத்தரவு போடலாம். விழுகிற நிலையில் இருக்கும் சுவர், மரம் இவற்றுக்கும் இது பொருந்தும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133வது பிரிவு என்று சொல்வார்கள். 2024 ஜூலை 1ந்தேதி முதல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 152வது பிரிவு.

இந்தப் பிரிவுக்கு எவ்வளவு பலம் என்பதை ஒரு ஊர் காட்டியது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊர். சாக்கடை நாற்றம் தாங்க முடியாமல் தெருவாசிகள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். சாக்கடை கட்டும்படி உத்தரவு ஆயிற்று. "எங்களிடம் பணம் இல்லை" என்று நகரசபை சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனது. 1980ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தீர்ப்புச் சொன்னார். பணம் இல்லை என்று சொல்லி ஜனங்களின் சுகாதாரத்தைக் கைவிட முடியாது, கட்டித்தான் ஆக வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

நோட்டீசைக் கிடப்பில் போடுகிற ஒவ்வொரு உள்ளாட்சி அலுவலகமும் அந்தத் தீர்ப்பைச் சுவரில் மாட்டி வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை டெங்குக் காய்ச்சலில் படுத்த பிறகு மருந்து அடிக்கும் வண்டி வந்து என்ன பிரயோசனம்? மழைக்காலத்துக்கு முன்னாலேயே காலி மனைகளைக் கணக்கெடுக்க வேண்டும். சொந்தக்காரருக்கு நோட்டீசு போக வேண்டும். அவர் செய்யாவிட்டால் நிர்வாகமே சுத்தம் செய்து, செலவை அவரிடம் வசூலிக்க வேண்டும்.

ஆனால் வீட்டை விற்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். "பார்க்க அசிங்கமாக இருக்கிறது, என் விலை குறைகிறது" என்பது மட்டும் பொதுத் தொல்லை ஆகாது. சட்டம் ஜனங்களின் உடம்பைக் காப்பாற்றும். உங்கள் 4 லட்சத்தைக் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல.

சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டாலோ இன்னும் மோசம். வழக்கு முடிய வருஷக்கணக்கு ஆகும். அதுவரை, "பக்கத்து வீட்டுக்காரரோடு கேஸ் நடக்குது" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும். வாங்க வந்தவர் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார். குப்பை பரவாயில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. கேஸ் பரவாயில்லை என்று சொல்கிறவர்கள் கிடையாது.

பொதுத் தொல்லைக்குப் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 292வது பிரிவில் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. பழைய சட்டத்தில் 200 ரூபாயாக இருந்தது. ஆயிரம் ரூபாய் அபராதம் வாங்கிக் கொடுத்து 27 வருஷத்துச் சிநேகிதத்தை முறித்துக்கொள்வதா? கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வழியாக வேண்டாம்.

மறைத்து விற்கலாமா?

சில புரோக்கர்கள் ஒரு யோசனை சொல்வார்கள். "ஜன்னலுக்குத் திரை போடுங்க சார். பார்ட்டியை சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டியாறேன். இருட்டுல ஒண்ணும் தெரியாது."

இந்த யோசனையைக் கேட்காதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற குப்பையை மறைக்க முடியாது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக் காலையில் வந்து பார்ப்பார். பார்த்தால் வீட்டின் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத கோளாறு வேறு. பக்கத்துக் குப்பைமேடு சுவரை ஒட்டி இருந்து, ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் உங்கள் சுவருக்குள் ஊறுகிறது என்று வையுங்கள். சித்திரையில் பார்க்க வந்தவருக்கு அது தெரியாது. வெள்ளை அடித்து மறைத்துவிட்டால் இன்னும் தெரியாது. 1882ம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம் 55வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? சொத்தில் உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே தீர வேண்டும்.

வாங்குகிறவரும் நம்மைப் போன்ற ஒரு குமாஸ்தாதான். ஒரு கடைக்காரர்தான். 70 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 6 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் தனியாகக் கட்ட வேண்டும். அதற்கு மேல் புரோக்கர் கமிஷன், பாங்குக் கடன், வட்டி. அந்த மனிதன் நாலு லட்சம் குறைத்துக் கேட்பது பேராசையால் மட்டும் அல்ல. பயத்தாலும்தான்.

அந்தப் பயத்தைத் திரை போட்டுப் போக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அறிமுகம் செய்து வைத்தால் போகும். வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டைப் பகலில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கமும் பாருங்கள். குப்பை இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அங்கே எப்படிப்பட்ட மனிதர் இருக்கிறார் என்று பாருங்கள்.

முடிவு என்ன ஆயிற்று?

மூன்று வாரம் கழித்து அந்தத் தெருவுக்கு மறுபடியும் போனோம்.

மகள்தான் சமாதானத்துக்கு ஆரம்பம் செய்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் போய், "தாத்தா, நீங்க வராம என் கல்யாணம் இல்ல" என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த நாள் சாயங்காலம் அப்பா போயிருக்கிறார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களாம். பிறகு காப்பி வந்ததாம்.

சென்ட்ரிங் பலகைகளில் நல்லதைப் பொறுக்கி, புதிதாகத் தொழில் ஆரம்பித்த ஒரு பையனுக்கு விற்றுவிட்டார்கள். பணம் மேஸ்திரிக்கு. மீதிக் குப்பை குட்டி யானையில் மூன்று நடை போயிற்று. கூலியும் வாடகையும் 8 ஆயிரத்து 500 ரூபாய். செலவு சாருடையது. பின்பக்கத்துச் சுவரை மேஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆளுக்குச் சொல்லிச் சொல்லி அடைக்க வைத்தார். வாஷ்பேசினைச் சார் தம் கையாலேயே தூக்கி வண்டியில் வைத்தாராம்.

வீடு 74 லட்சத்துக்குப் பேசி முடிந்திருக்கிறது. வாங்க வந்தவர் சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்தபோது, பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்து மேஸ்திரி சொல்லியிருக்கிறார்: "பயப்படாதீங்க. நான் கட்டின வீடு."

அந்த வார்த்தையை எந்தப் புரோக்கராலும் சொல்ல முடியாது.

ஆனால், நாம் விடைபெறும்போது மேஸ்திரி முகத்தில் சந்தோஷம் இல்லை. "குப்பை போச்சு தம்பி. இப்ப சாரும் போறாரு" என்றார். 27 வருஷம் சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தும், பேச வேண்டியதைப் பேச மூன்று வாரம்தான் கிடைத்திருக்கிறது அவர்களுக்கு.

சாயங்கால ரெயிலிலும், பஸ்சிலும், கடைக் கல்லாவிலும் உட்கார்ந்து இந்தப் பத்திரிகையைப் படிக்கும் வாசகர்களே! உங்களில் எத்தனை பேர் வீட்டை விற்கப் போகிறீர்களோ, நமக்குத் தெரியாது. விற்றாலும், விற்காவிட்டாலும், இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தச் சமையல்கட்டு ஜன்னலைத் திறந்து பாருங்கள்.

அங்கே கிடப்பதில் உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள். பிறகு தெருப்பக்கமாகப் போய் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

வீட்டை விற்கிற அன்றைக்குத் தட்டினால் அது வியாபாரம். இன்றைக்கே தட்டினால் அது அக்கம்பக்கம்.